வாகனப் பிரேக்குகளும் கல்நார்த் தூசியும்: நிறுவனங்களின் தொடக்கக்கால அறிதல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

மோட்டார் வாகனப் பிரேக் லைனிங்குகளில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் கல்நார் முதன்மைப் பொருளாக இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு செய்யும் என்பதை லைனிங் தயாரித்த நிறுவனங்கள் எப்போது அறிந்தன, எதை அறிந்தன, அறிந்ததை என்ன செய்தன என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க, பிரிட்டானியச் சான்றுகளே இதன் தரவுகள். தொழிற்கூடத் தூசியைப் பற்றிய அறிவும் பழுதுபார்ப்புப் பட்டறைத் தூசியைப் பற்றிய அறிவும் வெவ்வேறு காலங்களில் உருவானவை. அவற்றுக்கிடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளி உண்டு. இவ்விடைவெளி எவ்வாறு நீடித்தது என்பதே கட்டுரையின் மையம்.

திறவுச்சொற்கள்: கல்நார், பிரேக் லைனிங், கல்நார் நோய், சிம்ப்சன் தாள்கள், சாரனாக் ஆய்வகம், தொழில்சார் நலவியல்

முன்னுரை

தமிழ்நாட்டில் கல்நார் என்றால் கூரைத் தகடுதான் நினைவுக்கு வரும். ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்னும் சொல்லே பேச்சு வழக்கில் கூரைக்குரிய பெயராகிவிட்டது. பிரேக் லைனிங்கைக் கையிலெடுக்கும் மெக்கானிக்குக்கூட அதனுள் இருந்தது அதே கனிமம்தான் என்பது எளிதில் தோன்றுவதில்லை. பார்வைக்கு அது கருமையான, இறுகிய, பிசின் மணம் வீசும் ஒரு பட்டை. ஆனால் அதன் எடையில் 40 முதல் 60 விழுக்காடுவரை கல்நார் இழை இருந்த காலம் உண்டு.

‘நிறுவனங்களுக்குத் தெரிந்திருந்தது’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும் போக்கு இத்துறை எழுத்துகளில் மிகுதி. அவ்வாக்கியம் பொய்யன்று, ஆயினும் போதாது. யாருக்கு, எந்தத் தூசியைப் பற்றி, எந்த நோயைப் பற்றி, எந்த ஆண்டில் தெரிந்திருந்தது என்று பிரித்துக் கேட்டால்தான் வரலாறு தெளிவு பெறும். கல்நார் நோய் என்பது இழைகளால் நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய். நுரையீரல் புற்று வேறு. நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதெலியோமா வேறு. இம்மூன்றும் மருத்துவ உலகில் உறுதிப்பட்ட காலங்கள் ஒன்றல்ல. அவ்வாறே லைனிங் தயாரித்த நிறுவனமும், அதனை வாங்கி வாகனத்தில் பொருத்திய நிறுவனமும் ஒரே அளவு அறிந்திருந்தன என்று கொள்வதற்கில்லை.

பிரேக்கில் கல்நார் புகுந்த வரலாறு

பிரேக் என்பது இயக்கத்தை வெப்பமாக மாற்றும் கருவி. மரம், தோல், பருத்தி ஆகியன அவ்வெப்பத்தில் கருகும். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், சரிவில் இறங்கும் வண்டிகளின் பிரேக் கட்டையில் பழைய செருப்புத் தோலை வைத்து ஓட்டுநர்கள் சமாளித்ததைக் கண்டு ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897இல் தம் சோதனைகளைத் தொடங்கினார் என்பது தொழில் வரலாற்றில் பலமுறை சொல்லப்படும் செய்தி. அவர் நிறுவிய ஃபெரோடோ நிறுவனம் பருத்தி நெசவில் தொடங்கி, மோட்டார் வாகனம் பரவிய காலத்தில் கல்நார் நெசவுக்கு மாறியது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் 1902இல் தொடங்கப்பட்ட நிறுவனம் பின்னர் ‘ரேபெஸ்டாஸ்’ என்று பெயர் பெற்றது. ஆஸ்பெஸ்டாஸ் என்னும் சொல்லின் பிற்பகுதி அப்பெயரிலேயே ஒட்டியிருப்பதைக் காணலாம். கல்நார் கலந்திருப்பது அன்று மறைக்க வேண்டிய செய்தியன்று. விளம்பரம் செய்ய வேண்டிய பெருமை.

இரு நிறுவனங்களும் விரைவில் பெரும் குழுமங்களின் பகுதிகளாயின. ஃபெரோடோ 1920களின் நடுவில் டர்னர் அண்ட் நியூவால் குழுமத்துடன் இணைந்தது. ரேபெஸ்டாஸ் 1929இல் ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் ஆயிற்று. இவ்விணைப்புகளுக்கு நம் ஆய்வில் இடமுண்டு. கல்நாரை நூற்று நெசவு செய்யும் தூசி மிக்க கூடங்களும் பிரேக் லைனிங் கூடங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஆகவே நெசவுக் கூடத்தில் நோய் கண்டபோது அச்செய்தி லைனிங் விற்பவரின் மேசைக்கும் வந்தது.

தொழிற்கூடத்தில் அறியப்பட்டவை

கல்நார்த் தொழிலாளருக்கு ஆயுள் காப்பீடு வழங்க அமெரிக்க, கனடியக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குகின்றன என்று ஃபிரெடெரிக் ஹாஃப்மன் 1918இல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் வெளியீட்டில் பதிவு செய்தார். மருத்துவர் நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே காப்பீட்டுக் கணக்காளர் அதற்கு விலை வைத்துவிட்டார். 1924இல் ரோச்டேல் நகர நெசவுத் தொழிலாளி நெல்லி கெர்ஷாவின் மரணத்தை டபிள்யூ. ஈ. குக் பிரிட்டானிய மருத்துவ இதழில் விவரித்தார். 1927இல் நோய்க்குப் பெயரும் அமைந்தது.

1930இல் வெளியான மெரிவெதர்–பிரைஸ் அறிக்கை ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தது. பரிசோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் 95 பேருக்கு நுரையீரல் தழும்பு காணப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேல் பணியாற்றியவருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பாதிக்கப்பட்டிருந்தனர். இதன் விளைவாகப் பிரிட்டனில் 1931ஆம் ஆண்டுக் கல்நார்த் தொழில் விதிகள் பிறந்தன.

இவ்விதிகளின் ஒரு பிரிவை இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும். கல்நார் அடங்கிய பொருள்களை உலர்நிலையில் அறுத்தல், அரைத்தல், கடைதல், தேய்த்தல், மெருகிடல் ஆகியன கட்டுப்பாட்டுக்குரிய பணிகளாக அதில் பட்டியலிடப்பட்டன. பிரேக் பட்டறையை அறிந்த எவரும் இப்பட்டியலில் அங்கு நடக்கும் வேலைகளைக் காண்பர். புதிய லைனிங்கை ஷூவில் ரிவெட் அடித்து, டிரம்மின் வளைவுக்கேற்ப அரைத்து, ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துப் பொருத்துவது அன்றைய மெக்கானிக்கின் அன்றாடப் பணி. ஆனால் விதி, ‘அப்பொருள்களைத் தயாரிக்கையில்’ என்னும் வரையறையோடு நின்றுவிட்டது. தொழிற்கூடத்துள் ஒருவர் லைனிங்கை அரைத்தால் தூசி உறிஞ்சும் கருவி வேண்டும். அதே லைனிங் கடைக்குப் போய், வேறொருவர் கொட்டகையில் அரைத்தால் எதுவும் வேண்டா. தூசிக்கு இவ்வேறுபாடு தெரியாது. சட்டத்தை எழுதியோர் அன்று கண்முன் இருந்த நோயாளிகளைக் கொண்டே எழுதினர். அவர்கள் நெசவுக் கூடத்தினர். அதனால் இதனை அரசின் சூழ்ச்சி எனல் பொருந்தாது. எனினும் எந்தச் செயல் ஆபத்தானது என்பது 1931 முதல் லைனிங் உற்பத்தியாளர் கையில் எழுத்து வடிவில் இருந்தது என்பதை மறுக்க இயலாது.

அமெரிக்காவில் இத்தகைய விதி எழவில்லை. அங்கு மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆந்தனி லான்சா, கல்நார்த் தொழில் நிறுவனங்களின் வேண்டுகோளின் பேரில் 1929 முதல் 126 தொழிலாளரை ஆராய்ந்தார். ஆய்வு 1931இல் முடிந்தும் 1935இல்தான் அச்சேறியது. இடையே வரைவு நிறுவனங்களின் பார்வைக்குச் சென்றது. ஜான்ஸ்-மான்வில் நிறுவன வழக்கறிஞர் தரப்பு 1934 டிசம்பரில் திருத்தங்களைக் கோரியது. கல்நார் நோயின் கடுமை சிலிக்காத் தூசி நோயைவிடக் குறைந்தது என்னும் தொனி அறிக்கையில் அமைய வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் சாரம். இழப்பீட்டு வழக்குகள் தொடங்கியிருந்த காலம் அது.

சிம்ப்சன் தாள்கள்

ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டனின் தலைவர் சம்னர் சிம்ப்சன் தம் கடிதங்களைக் கோப்பிட்டு வைத்திருந்தார். அவர் மறைந்த பின் அவை நிறுவனத்துக்குள்ளேயே கிடந்து, 1977இல் நியூ ஜெர்சி வழக்கொன்றின் ஆவணக் கோரிக்கையால் வெளிவந்தன. ஏறத்தாழ 6,000 தாள்கள். அவற்றுள் மிகுதியும் மேற்கோள் காட்டப்படுவது 1935 இலையுதிர்காலக் கடிதப் போக்குவரத்து.

நிகழ்ந்தது இது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வெளிவந்த ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்னும் தொழில் இதழின் ஆசிரியர் தரப்பு, கல்நார் நோய் குறித்து ஒரு கட்டுரை வெளியிடலாமா என்று 1935 செப்டம்பரில் சிம்ப்சனிடம் கேட்டது. முன்னர் இப்பொருளில் எதுவும் எழுத வேண்டா என்று கேட்டுக்கொள்ளப்பட்டதால் எழுதாமலிருந்ததையும் அக்கடிதம் குறிப்பிட்டது. அக்டோபர் 1 அன்று சிம்ப்சன் இதனை ஜான்ஸ்-மான்வில் வழக்கறிஞர் வாண்டிவர் பிரவுனுக்கு அனுப்பி, கல்நாரைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவு தமக்கு நல்லது எனக் கருத்துரைத்தார். இரு நாள் கழித்து வந்த மறுமொழி, இந்நோய் மிகக் குறைந்த விளம்பரம் பெறுவதே தங்கள் நலனுக்கு உகந்தது என்று உடன்பட்டது.

இக்கடிதங்களை நாம் வாசிக்கும் முறையில் எச்சரிக்கை தேவை. இவற்றில் மெக்கானிக் இல்லை, பட்டறை இல்லை, பிரேக் தூசி என்னும் சொல்லும் இல்லை. பேசப்படுவது தொழிற்கூட நோயும் அது குறித்த செய்தியும் மட்டுமே. எனவே 1935இலேயே பிரேக் மெக்கானிக்குகளின் ஆபத்து அறியப்பட்டு மறைக்கப்பட்டது என்று இவற்றைக்கொண்டு கூறுவது சான்றை மீறிய கூற்றாகும். ஆனால் மறுபுறம், எழுதியவர் யார் என்பதையும் விட்டுவிடலாகாது. அவர் அமெரிக்காவின் முன்னணிப் பிரேக் லைனிங் நிறுவனத்தின் தலைவர். தம் பொருள் எங்கே எவ்வாறு அரைக்கப்படுகிறது என்பது அவருடைய விற்பனைப் பிரிவுக்குத் தெரியும். அந்நிறுவனத்தின் வணிகமே மாற்று லைனிங்கைப் பட்டறைகளுக்கு விற்பதில் ஊன்றியது. தொழில் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தால் அதனைப் படித்திருக்கக்கூடியோர் அத்தொழிலினரே. செய்தியின் பரவலைத் தடுத்ததன் விளைவு அத்தொழிலின் சுவருக்கு வெளியே இருந்தவரையும் எட்டியது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

தாள்களின் நம்பகத்தன்மையும் வினாவுக்கு உள்ளாயிற்று. சில தாள்கள் காணாமற் போயிருக்கலாம், கோப்பு கைமாறியிருக்கிறது என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், குறிப்பாக 1985இல் டார்டெஸ் வழக்கிலும் 1991இல் திரெட்கில் வழக்கிலும், இவற்றைப் ‘பழம் ஆவணம்’ என்னும் சான்று விதியின்கீழ் ஏற்றன. விடுபாடுகள் சான்றின் எடையைப் பாதிக்குமேயன்றி ஏற்புடைமையைப் பாதிக்கா என்பது அங்குக் கொள்ளப்பட்ட நிலை. சுவடிகளில் ஏடு சிதைந்தும் நூலை ஏற்கும் பதிப்பாசிரியருக்கு இவ்வாதம் புதிதன்று.

சாரனாக் ஆய்வகமும் எலிகளும்

செய்தியைக் குறைப்பது ஒரு வழி. ஆய்வை விலைக்கு வாங்குவது இன்னொரு வழி. 1936 நவம்பரில் ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் ஆய்வகத்தில் லிராய் கார்ட்னர் நடத்தவிருந்த விலங்கு ஆய்வுகளுக்கு நிதியளிக்க ஒப்புக்கொண்டன. நிபந்தனை ஒன்றுண்டு: முடிவுகள் நிதி தந்தோரின் உடைமை, வெளியிடுவதா, எந்த வடிவில் வெளியிடுவது என்பதை அவர்களே தீர்மானிப்பர்.

1943இல் கார்ட்னர் தம் வரைவில் ஒரு செய்தியைச் சேர்த்தார். நெடுங்காலம் கல்நார்த் தூசியைச் சுவாசித்த 11 எலிகளுள் 9 எலிகளுக்கு நுரையீரல் கட்டி. அவர் தேர்ந்த ஆய்வாளர் என்பதால் உடனே தயக்கத்தையும் பதிவு செய்தார்: இவ்வெலி இனத்துக்கே கட்டி வரும் இயல்பு மிகுதியாக இருக்கலாம், சோதனை புற்றுநோய்க்காகத் திட்டமிடப்பட்டதன்று. மேலாய்வுக்குத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. 1946இல் அவர் காலமானார். அவருக்குப் பின் வந்த ஆர்தர் வோர்வால்ட் வரைவை முடித்தபோது, 1948 நவம்பரில் நிதியளித்த நிறுவனங்கள் கூடி, புற்றுநோய், கட்டி பற்றிய குறிப்புகளை நீக்குமாறு முடிவு செய்தன. 1951இல் வெளியான அறிக்கையில் அவ்வெலிகள் இல்லை.

அறிவியல் நோக்கில் 11 எலிகள் சிறு எண்ணிக்கையே. அச்சோதனை எதையும் நிறுவியிருக்காது என்று வாதிடுவோர் உளர். அது ஏற்கத்தக்க வாதம். ஆனால் வெளியாகியிருந்தால் வேறோர் ஆய்வகம் அதனை மீளச் செய்திருக்கும். ஐயத்தைத் தீர்க்கும் வாய்ப்பும் அவ்வெலிகளோடு நீங்கியது. இங்கிலாந்தில் இதற்கிணையான நிகழ்வு 1955இல் நடந்தது. ரோச்டேல் தொழிற்கூடத்தில் நீண்டகாலம் பணியாற்றிய 113 ஆடவரை ரிச்சர்ட் டால் ஆராய்ந்தார். நுரையீரல் புற்றால் எதிர்பார்க்கத்தக்க மரணம் ஒன்றுக்கும் குறைவாக இருக்க, நிகழ்ந்தவை 11. ஃபெரோடோவின் தாய்க் குழுமமான டர்னர் அண்ட் நியூவால் இதனை வெளியிட வேண்டா என்று வற்புறுத்தியது. ஆனால் இங்கு முடிவுகள் நிறுவனத்தின் உடைமையல்ல. ஆகவே கட்டுரை வெளிவந்தது. சாரனாக்கையும் ரோச்டேலையும் அருகருகே வைத்தால், ஓர் ஒப்பந்த வாசகம் எவ்வளவு செய்யவல்லது என்பது புலனாகும்.

தொழிற்கூடத்திலிருந்து பட்டறைக்கு

1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னர் குழுவினர் மீசோதெலியோமாவைக் கல்நாரோடு தொடர்புபடுத்தினர். அவர்களின் நோயாளிகளுள் சுரங்கத்தில் வேலை செய்யாத, அதன் அருகே வாழ்ந்த மக்களும் இருந்தனர். 1964இல் நியூயார்க்கின் இர்விங் செலிகாஃப் கட்டடங்களில் வெப்பக்காப்புப் பணி செய்தோரிடம் அதே நோய்களைக் காட்டினார். இவ்விரண்டாவது ஆய்வே பிரேக் தொழிலை நேரடியாகத் தொட்டிருக்க வேண்டியது. ஏனெனில் அத்தொழிலாளர் கல்நாரைத் தயாரித்தவரல்லர். தயாரித்த பொருளைக் கையாண்டவர். ‘ஆபத்து தொழிற்கூடத்துக்குள் மட்டுமே’ என்னும் அரண் 1964இல் தகர்ந்தது. கையாள்பவருக்கும் நோய் வருமெனில் மெக்கானிக்கும் கையாள்பவரே.

தொழிலினர் இதனை எவ்வாறு எடுத்துக்கொண்டனர் என்பதற்கு ஒரு கடிதம் அகப்படுகிறது. பிரேக் தயாரிப்பாளரான பெண்டிக்ஸ் நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர் ஒருவர் 1966 செப்டம்பரில் ஜான்ஸ்-மான்வில்லின் கனடிய நிறுவனத்துக்கு எழுதினார். கல்நாரின் கேடு பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையைச் சுட்டி, கல்நார்ப் பொருள்களால் நல்வாழ்வு வாழ்ந்தவர் அதனாலேயே இறந்தால் என்ன, சாவுக்கு ஏதேனும் ஒரு காரணம் வேண்டுமே என்று கேலியாகக் கேட்டிருந்தார். வழக்குமன்றங்களில் இக்கடிதம் நிறுவனத்தின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அலுவலக நையாண்டி ஒன்றை நிறுவனக் கொள்கையாகக் கொள்வது மிகையே. இக்கடிதம் உறுதிசெய்வது எளிய ஓர் உண்மையை: பிரேக் நிறுவனத்தின் மருத்துவர் மட்டுமல்லர், கொள்முதல் மேசையில் இருந்தவரும் 1966இல் இச்செய்தியை அறிந்திருந்தார், அதனைப் பகடி செய்யும் அளவுக்கு அது பழகிய செய்தியாக இருந்தது.

அளவீடுகள்

இதன் பின்னரே பட்டறைக் காற்று அளக்கப்படுகிறது. 1968இல் லிஞ்ச், தேய்ந்த லைனிங்கின் தூசியை ஆராய்ந்து, பிரேக்கின் வெப்பத்தில் கல்நாரின் பெரும்பகுதி சிதைந்து வேறு கனிமமாகிவிடுகிறது, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே இழையாக எஞ்சுகிறது என்றார். பிரேக்கில் பயன்பட்ட கிரைசோடைல் என்னும் வெண்கல்நார் உயர் வெப்பத்தில் நீரை இழந்து ஃபார்ஸ்டரைட்டாக மாறுவது வேதியியலாருக்குத் தெரிந்ததே. 1970இல் பிரிட்டன் ஃபோர்டு நிறுவனத்தின் ஹிக்கிஷ், நைட் இருவரும் பிரேக் பராமரிப்பின்போது காற்றை அளந்து வெளியிட்டனர். டிரம்மிலுள்ள தூசியை ஊதும் சில நிமிடங்களில் செறிவு உயர்ந்தாலும், வேலைநாளின் சராசரி அன்றைய வரம்புக்குள் அடங்கியது என்பது அவர்கள் முடிவு.

இவ்வளவீட்டுக்குரிய மதிப்பை வழங்க வேண்டும். ஒரு வாகன நிறுவனம் தானே அளந்து, முடிவைத் திறந்த இதழில் வெளியிட்டது. சாரனாக்கில் நடந்ததற்கு இது நேர்மாறு. ஆனால் ஒன்று: யாரும் ஐயுறாத இடத்தில் எவரும் அளவுகோலை நீட்டுவதில்லை. 1970இல் அளந்தோர் 1970க்கு முன்பே ஐயுற்றனர். அவ்வையம் மெக்கானிக்கிடம் சொல்லப்படவில்லை.

1976இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ரோல், லாங்கர் முதலியோர் வெளியிட்ட எண்கள் வேறு கதை கூறின. பிரேக் தூசியில் எஞ்சிய கிரைசோடைல் சராசரியாக 3 முதல் 6 விழுக்காடு. கார் டிரம்மைக் கம்ப்ரசர் காற்றால் ஊதும்போது 3 முதல் 5 அடித் தொலைவில் ஒரு கன சென்டிமீட்டரில் சராசரி 16 இழைகள். லாரிக்குரிய புதிய லைனிங்கின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்க்கையில் சராசரி 37.3. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1972இல் விதித்த எட்டு மணிநேர வரம்பு 5 இழை. எந்நேரத்திலும் மீறக்கூடாத உச்சம் 10.

இரு ஆய்வுகளும் முரண்படுவதாகத் தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன. நாள் முழுவதையும் சராசரி காண்பது ஒரு முறை. வேலையின் உச்சத்தைக் காண்பது இன்னொரு முறை. வெப்பச் சிதைவு வாதத்தின் குறையும் இங்கே தெரிகிறது. 37.3 என்னும் எண் தேய்ந்த லைனிங்குக்கு உரியதன்று. ஒருநாளும் சாலையில் ஓடாத புதிய லைனிங்குக்கு உரியது. அதில் கல்நார் சிதைவதற்கு வெப்பமே உண்டாகவில்லை. தேய்ந்த தூசியைப் பற்றிய வேதியியலைக் கூறி மெக்கானிக்கின் பணி முழுவதையும் பாதுகாப்பானது என்பது, அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றைக் காட்டிப் பச்சரிசிக்குச் சான்று கூறுவது போன்றது. புதிய லைனிங்கை உலர்நிலையில் அரைப்பதோ 1931ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இடம்பெற்ற செயல்.

எச்சரிக்கை வில்லையும் ஒரு விலக்கும்

1972ஆம் ஆண்டு அமெரிக்க விதி கல்நார்ப் பொருள்களின்மீது எச்சரிக்கை வில்லை ஒட்டப் பணித்தது. கூடவே ஒரு விலக்கும் அளித்தது: பிசின் போன்றவற்றால் இழை பிணைக்கப்பட்டு, நியாயமாக எதிர்பார்க்கத்தக்க எந்தப் பயன்பாட்டிலும் வரம்பை மீறி இழை வெளிப்படாதெனில் வில்லை வேண்டா. பிரேக் லைனிங் பிசினால் பிணைக்கப்பட்டதே. ஆனால் அதை அரைப்பதும் துளையிடுவதும் எதிர்பார்க்கத்தக்க பயன்பாடு இல்லையா? லைனிங் அரைக்கும் எந்திரங்கள் பட்டறைகளுக்கென்றே விற்கப்பட்ட காலத்தில் இவ்வினாவுக்கு ‘இல்லை’ என்று விடை கூறுவது அரிது. அறிதல் என்பது இங்கு மருத்துவ அறிவு மட்டுமன்று. தம் பொருள் எவ்வாறு பயன்படுகிறது என்னும் வணிக அறிவும் அதில் அடங்கும். இரண்டும் ஒரே நிறுவனத்துள் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

அரசின் தேசியத் தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1975 ஆகஸ்டில் பிரேக், கிளட்ச் பணி குறித்துத் தனி அறிவிப்பு வெளியிட்டது. ஏறத்தாழ 9 லட்சம் அமெரிக்கத் தொழிலாளர் இத்தூசிக்கு ஆட்படக்கூடும் என்று அது மதிப்பிட்டது. அதே ஆண்டில் பாரி காசில்மன் முதலியோர் பிரேக் மெக்கானிக்குகளின் ஆபத்து குறித்துப் பொதுநல ஆய்விதழில் எழுதினர். மெரிவெதர் அறிக்கை வந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எதிர்த்தரப்புச் சான்று

இதுகாறும் கூறியவை தூசியைப் பற்றியவை. நோய்க் கணக்கு எளிதாக ஒரு பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபெரோடோ தொழிற்கூடத்தில் பணியாற்றிய 13,460 பேரை ஆராய்ந்து பெரி, நியூஹவுஸ் இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் நுரையீரல் புற்று மிகுந்திருக்கவில்லை. காணப்பட்ட மீசோதெலியோமாக்களுள் பெரும்பாலானவை குரோசிடோலைட் என்னும் நீலக்கல்நாரைக் கையாண்டவரிடம் தோன்றியவை. அக்கல்நார் ரயில் பிரேக்குக்காகச் சில ஆண்டுகளே அங்குப் பயன்பட்டது. மெக்கானிக்குகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பாய்வுகளும் மீசோதெலியோமா மிகவில்லை என்கின்றன. மறுதரப்பார் இவற்றின் குறைகளைச் சுட்டுகின்றனர். ‘மெக்கானிக்’ என்னும் தொழிற்பெயருக்குள் பிரேக்கைத் தொடாதவரும் அடங்குவர். அதனால் விளைவு நீர்த்துப்போகும். இந்நோய் தோன்ற முப்பது, நாற்பது ஆண்டு ஆகும். கிரைசோடைல் உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்று விளைவிப்பன என்பதே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிலை.

இவ்விவாதத்தின் நிதி வரலாறும் ஆய்வுக்குரியது. பிரேக் மெக்கானிக்குகளுக்கு மிகு ஆபத்து இல்லை என்று கூறும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் வல்லுநர் சாட்சியங்களுக்கும் ஃபோர்டு நிறுவனம் 2001 முதல் ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவிட்டதாக அமெரிக்காவின் பொது நேர்மை மையம் 2016இல் செய்தி வெளியிட்டது. பணம் பெற்ற ஆய்வு பொய்யாகத்தான் இருக்கும் என்பதில்லை; அவ்வாறு ஒதுக்கினால் ஹிக்கிஷ்–நைட் அளவீட்டையும் ஒதுக்க நேரும். முறையியலைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும். ஆனால் 1936 ஒப்பந்தத்தைப் படித்தவர், முடிவுகள் யாருடைய உடைமை என்னும் வினாவை முதலில் கேட்பார்.

அரசு தந்த எச்சரிக்கைகளும் நிலைத்து நிற்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986இல் மெக்கானிக்குகளுக்கென வழிகாட்டிக் கையேடு ஒன்றை வெளியிட்டது; ‘பொன் நூல்’ என்று அது அழைக்கப்பட்டது. 1989இல் கல்நார்த் தடை விதிக்கப்பட்டு, 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் பெரும்பகுதி நீக்கப்பட்டது. 2003இல் ஒரு சட்ட நிறுவனம், தன் கட்சிக்காரர் யாரென வெளியிடாமலேயே, அக்கையேட்டின் வழங்கலை நிறுத்துமாறு முகமையிடம் கோரியது. 2007இல் திருத்திய சிற்றேடு வந்தது. மாற்று பிரேக் லைனிங்கில் கிரைசோடைலுக்கு அமெரிக்கத் தடை வந்தது 2024 மார்ச்சில்.

இந்தியத் தொடர்பு

டர்னர் அண்ட் நியூவால் குழுமம் பம்பாயின் காட்கோபரில் ஹிந்துஸ்தான் ஃபெரோடோ என்னும் துணை நிறுவனத்தை 1950களில் தொடங்கியது. தாய்க் குழுமத்தின் நாட்டில் 1931 விதிகள் கால் நூற்றாண்டு நடைமுறையில் இருந்த பின்னர்த் தொடங்கிய தொழிற்கூடம் அது. ரோச்டேலில் டால் கண்டதும் அதே ஆண்டுகளில்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் நலப் பதிவையும் பணி தொடங்கியதிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேணுமாறு தொழில் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. நோய் வெளிப்படும் காலத்தை உணர்ந்து எழுதப்பட்ட ஆணை அது. அதன்படி பெயர் பதிவாவது லைனிங்கைத் தயாரிக்கும் கூடத்தில் வேலை செய்பவருக்கு. அதே லைனிங்கைச் சாலையோரப் பட்டறையில் அரைத்துப் பொருத்தியவர், அவர்தம் உதவியாளராய்த் தூசி ஊதிய சிறுவன் ஆகியோரின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பது 1931இல் விடுபட்ட அதே வினாதான்.